‘ஆசிய நோயாளி’ என்பவர் யார்?

2004ஆம் ஆண்டு ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்களின் படம் வெளியானது. ஒருவர் இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கப்படும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. எந்தக் கிளினிக்கில் போய் நின்றாலும் இருவரது அட்டையிலும் ‘சாதாரண நிறை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால், உடலிலுள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

பார்ப்பதற்கு வேடிக்கையான படம்தான். ஆனால், நமது நீரிழிவு கிளினிக்குகளில் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பவர்களில் பலரது கதை அதற்குள் இருக்கிறது. உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் அதிக நிறை, 30ஐத் தாண்டினால் உடற்பருமன் என்ற அளவுகோல் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து வந்தது. தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. நீரிழிவும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

எவ்வளவு முன்னதாக? இங்கிலாந்தில் ஏறத்தாழ 14.7 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. வெள்ளையர் ஒருவருக்குச் சுட்டி 30ஆக இருக்கும்போது உள்ள நீரிழிவு ஆபத்து, தெற்காசியர் ஒருவருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. இதைக் கிலோக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். இருவரும் 160 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளையர் கிட்டத்தட்ட 77 கிலோவில் எதிர்கொள்ளும் ஆபத்தை நம்மவர் 61 கிலோவிலேயே எதிர்கொள்கிறார். 61 கிலோ உள்ள ஒருவரை நம் ஊரில் யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். “கொஞ்சம் சாப்பிட்டு உடம்பைத் தேற்று” என்று சொல்லவும்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே இந்தச் சிக்கலை ஆராய்ந்தது. அது சொன்ன முடிவு சுவாரசியமானது. ஆசியர் அனைவருக்கும் பொருந்தும் ஒரே எல்லையை வகுக்க முடியாது என்றது அந்தக் குழு. ஆபத்துத் தொடங்கும் அளவு ஆசிய மக்கள் கூட்டங்களுக்கிடையே 22இலிருந்து 25வரை வேறுபட்டதே அதற்குக் காரணம். ஆகவே, பழைய எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு, 23, 27.5 ஆகிய புள்ளிகளையும் கவனத்தில் எடுக்கும்படி நாடுகளுக்குச் சொன்னது. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரும் பெண்களில் 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள் என்பதைச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தனியாக வகுத்தது. தராசைவிட ஒரு தையல் அளவு நாடா நமக்கு அதிகம் சொல்லக்கூடும்.

மாரடைப்பிலும் இதே கதைதான். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளின் நோயாளர்களும் இருந்தார்கள். முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, ஏனையோருக்கு 58.8. ஏறத்தாழ ஆறு வருட இடைவெளி. வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் அந்த ஆறு வருடங்கள் எவ்வளவு பெரியவை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால், அந்த ஆய்வின் மற்ற முடிவு பெரிதாகப் பேசப்படுவதில்லை. புகைத்தல், நீரிழிவு, கொழுப்பு, உயர் குருதியமுக்கம், உடலுழைப்பின்மை போன்ற தெரிந்த காரணிகள் நமக்கு இளவயதிலேயே சேர்ந்துவிடுவதுதான் இந்த இடைவெளியின் பெரும்பகுதியை விளக்கியது. ‘நம் பரம்பரையே அப்படி’ என்று கையை விரிப்பதற்கு அந்த ஆய்வில் இடமில்லை.

இதுவரை சொன்னது எல்லைகளைப் பற்றி. மருந்துகளின் விடயத்தில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடக்கூடியது.

கார்பமசெபின் என்பது வலிப்பு நோய்க்கும் முகநரம்பு வலிக்கும் நெடுங்காலமாகப் பாவிக்கப்படும் மருந்து. மலிவானது, நன்றாக வேலை செய்வது. மிகச் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் அதை எடுக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில், காய்ச்சலோடு உடலெங்கும் தடிப்புகள் தோன்றும். வாயும் கண்களும் புண்ணாகும், தோல் தீக்காயம்போல உரியத் தொடங்கும். ஸ்டீவன்ஸ் ஜோன்சன் நோய்க்குறி என்பது அதன் பெயர். தோல் பெருமளவு உரிந்துவிடும் கடும் வடிவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். பிழைப்பவர்களில் சிலருக்குப் பார்வை பாதிக்கப்படுகிறது.

தாய்வான் வைத்தியர்கள் தங்கள் நாட்டில் இந்தப் பாதிப்பு ஏன் அதிகம் என்று தேடினார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகத்தை நிமிர்ந்து உட்காரவைத்தது. கார்பமசெபினால் பாதிக்கப்பட்ட 44 நோயாளர்களில் 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வடிவம் இருந்தது. அதே மருந்தை எடுத்தும் எதுவும் நேராதவர்களில் அது வெறும் 3 சதவீதத்தினரிடமே இருந்தது. மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு என்ற கணக்கு அநேகமாக வருவதே இல்லை.

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தாய்வானின் 23 வைத்தியசாலைகளில், மருந்து கொடுப்பதற்கு முன்னரே 4,877 பேரின் குருதியைச் சோதித்தார்கள். அந்த மரபணு இருந்த 7.7 சதவீதத்தினருக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. பழைய கணக்கின்படி அந்தக் கூட்டத்தில் சுமார் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர்கூடப் பாதிக்கப்படவில்லை. 2011இல் வெளியான இந்த ஆய்வு, ஒரு குருதிச் சோதனை எதைத் தடுக்க முடியும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம். சிங்கப்பூர் 2013இல் இந்தச் சோதனையை வழமையான நடைமுறையாக்கியது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 டிசம்பரிலேயே ஆசிய வம்சாவளியினருக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைத்திருந்தது. ஆனால், ‘ஆசிய வம்சாவளி’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதே நிர்வாகம் தரும் எண்களின்படி, தாய்லாந்து, மலேசியா, ஹொங்கொங் போன்ற இடங்களில் இந்த மரபணு 15 சதவீதத்துக்கும் மேல் காணப்படலாம். யப்பானியரிடமும் கொரியரிடமும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தெற்காசியரிடம் சராசரியாக 2 முதல் 4 சதவீதம். சில சமூகங்களில் அதைவிட அதிகம். யப்பானியரையும் மலேசியரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு ‘ஆசியர்’ என்று ஒட்டினால், ஒருவருக்குத் தேவையற்ற சோதனை, இன்னொருவருக்குத் தவறவிடக்கூடாத சோதனை.

கார்பமசெபின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளை காலை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரும். பல மாதங்களாக எந்தப் பிரச்சினையும் இன்றி எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள், தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

‘ஆசியர்’ என்ற அடையாளம் எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்பதற்கு நுரையீரல் புற்றுநோய் இன்னொரு பாடம். ஜெஃபிடினிப் என்ற மருந்து பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில் ஆயுளை நீடிக்கத் தவறியது. 2005இல் அமெரிக்காவில் அதன் பாவனை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால், அந்த ஆய்வுக்குள் இருந்த ஆசிய நோயாளர்களுக்கும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் மருந்து பலன் தந்ததுபோலத் தெரிந்தது. ஆகவே, கிழக்காசியாவில் 1,217 பேரைக் கொண்டு தனி ஆய்வு நடந்தது. 2009இல் முடிவு வந்தபோதுதான் உண்மை விளங்கியது. காரணம் ஆசியராக இருப்பதல்ல. கட்டியில் ஈ.ஜி.எப்.ஆர் என்ற மரபணுவின் திரிபு இருந்தவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்துப் பாதியாகக் குறைந்தது. திரிபு இல்லாத ஆசியர்களுக்கு அதே மருந்து வழமையான கீமோவைவிட மிக மோசமாக இருந்தது. சோதிக்கப்பட்ட அந்த நோயாளர்களில் சுமார் 60 சதவீதத்தினரிடம் திரிபு இருந்ததால்தான் ‘ஆசியருக்கான மருந்து’ என்ற தோற்றம் உண்டாயிற்று. முகத்தைப் பார்த்து மருந்து எழுதியிருந்தால், மீதி 40 சதவீதத்தினரின் கதி?

ஆக, ஆசியர்களில் ஆய்வு செய்ததால்தான் ‘ஆசியர்’ என்பது போதிய விடையல்ல என்பதே தெரியவந்தது. அந்த ஆய்வுகள் நடக்காமல் இருந்திருந்தால் ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், இப்படியான ஆய்வுகளில் தெற்காசியரின் பங்கு மிகச் சிறியது. நோய்களுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளை 2018 அளவில் கணக்கெடுத்தபோது, பங்குபற்றியோரில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆசியர் எல்லோரையும் சேர்த்தே சுமார் 10 சதவீதம்தான்.

இலங்கை இந்த விடயத்தில் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கு நடந்த சில ஆய்வுகள் உலகத்தின் நடைமுறையையே தொட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது பாம்புக்கடி ஆய்வு. நாம் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கப்படுவது. அது உயிரைக் காக்கும். ஆனால், அதுவே கடும் ஒவ்வாமையையும் தரும். அதைத் தடுக்க வைத்தியர்கள் பல்லாண்டுகளாக மூன்று மருந்துகளை முன்கூட்டியே ஏற்றிவந்தார்கள். எது உண்மையில் உதவுகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஐரோப்பாவில் யார் இதை ஆராயப்போகிறார்கள்? அங்கே வயலில் புடையன் கடித்து வருபவர் இல்லை. இலங்கையில் 1,007 நோயாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதோவொரு ஒவ்வாமை வந்தது. குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதத்தால் குறைந்தது. மற்ற இரண்டு மருந்துகளாலும் பயன் எதுவும் இல்லை.

அடுத்தது குருதியமுக்கம். 2016, 2017 ஆண்டுகளில் இலங்கையின் 11 நகர்ப்புற வைத்தியசாலை கிளினிக்குகளில் 700 நோயாளர்களைக் கொண்டு ‘ட்ரயம்ப்’ ஆய்வு நடந்தது. ஒரு மருந்தை முழு அளவில் தொடங்கி, போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் வழமை. இந்த ஆய்வில் ஒரு குழுவினருக்கு மூன்று பழைய மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின், அவர்களில் 70 சதவீதத்தினரின் குருதியமுக்கம் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கே அது நடந்தது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்களின் பங்கு இரு பக்கமும் ஏறத்தாழ சமம்.

இதே காலப்பகுதியில் பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமிய சமூகங்களில், 2,645 பேரைக் கொண்டு இன்னொரு ஆய்வு நடந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. ஏற்கெனவே பணியிலிருந்த அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் குருதியமுக்கத்தை அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடங்களில் மேல் அமுக்கம், வழமையான பராமரிப்பில் இருந்தவர்களைவிட 5.2 புள்ளிகள் அதிகமாகக் குறைந்தது. பெரும் இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கதவைத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ட்ரயம்ப் ஆய்வின் பின்கதையும் கவனிக்க வேண்டியது. அந்த மூன்று மருந்துகளில் ஒன்றை மாற்றி உருவாக்கப்பட்ட புதிய கூட்டுக் குளிசை, இலங்கையரும் அடங்கலாகப் பல நாட்டு நோயாளர்களிடம் மீண்டும் சோதிக்கப்பட்டு, 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நமது கிளினிக்குகளில் ஊசி குத்தவும் அமுக்கம் அளக்கவும் கையை நீட்டியவர்களின் தரவு இன்று உலகச் சந்தையில் இருக்கிறது. அந்த மாத்திரை அவர்களது கிளினிக் மருந்தகத்துக்கு எப்போது, என்ன விலையில் வரும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆய்வு முடிந்தபின் பங்குபற்றியோருக்கு மருந்து எப்படிக் கிடைக்கும் என்பதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே திட்டமிட வேண்டும் என்கிறது, மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம்.

கிளினிக்கில் உங்களையோ உங்கள் அம்மாவையோ ஓர் ஆய்வில் சேரும்படி யாராவது கேட்டால், பயந்து ஓடவும் வேண்டாம், வைத்தியர் கேட்கிறாரே என்று உடனே கையெழுத்திடவும் வேண்டாம். சம்மதப் படிவம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் கேளுங்கள். எந்த ஒழுக்கநெறிக் குழு இதை அனுமதித்தது, பாதிப்பு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார், முடிந்தபின் மருந்து தொடருமா என்று கேளுங்கள். 2006இலிருந்து இயங்கும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வில் சேர மறுத்தாலும், சேர்ந்து இடையில் விலகினாலும், உங்களுக்கு வழமையாகக் கிடைக்கும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்க எவருக்கும் உரிமையில்லை.