ஆவேசத்துக்குள் ஒரு மெட்டு

மெட்டல் இசை என்றாலே காது கிழியும் இரைச்சல்தான் என்று நினைப்பவர்கள் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ ஆல்பத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த ‘அட் த கேட்ஸ்’ குழு இதை 1995இல் வெளியிட்டது. மொத்தமே சுமார் 34 நிமிடம்தான். பாடகர் தாமஸ் லிண்ட்பெர்க் தொண்டை கமறக் கத்துகிறார், டிரம்ஸ் மூச்சு வாங்காமல் விரட்டுகிறது. முதலில் மிரட்டத்தான் செய்யும். குரலை விட்டுவிட்டு கிதார்களை மட்டும் பின்தொடருங்கள். அந்த வேகத்துக்கு அடியில், முணுமுணுக்கக்கூடிய சோக மெட்டுகள் ஓடுகின்றன. ‘கோல்ட்’ பாடலில் விருந்தினராக வரும் ஆண்டி லாராக்கின் கிதார் தனி வாசிப்பு அபாரம்! ‘இன்டு த டெட் ஸ்கை’யில் குரலே கிடையாது, வாத்திய இசை மட்டும். மறு ஆண்டே குழு கலைந்தது. மீண்டும் இணைந்த குழுவின் அடுத்த ஆல்பத்துக்கு ரசிகர்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.