கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும் தேர்வு

காலை பதினொரு மணி. பள்ளி வராண்டாவில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தாய்மார்கள். தலைமையாசிரியர் கையிலிருக்கும் தாளைப் பார்த்து ஒரு பெயரை வாசிக்கிறார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்கிறார். கைதட்டுகிறார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வருகின்றன. தீர்மானப் பதிவேட்டில் ‘ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று ஒரு வரி ஏறுகிறது. சில பள்ளிகளில் அந்த வரி முதல் நாள் மாலையே ஏறிவிடுவதும் உண்டு.

யாரும் யாரையும் மிரட்டவில்லை. வந்தவர்களுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அங்கே நடந்தது தேர்வு அல்ல, அறிவிப்பு.

எந்தப் பதவியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பெற்றோருக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. பழையது பெற்றோர் ஆசிரியர் கழகம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வினா வங்கிப் புத்தகங்களாலும், ஆசிரியர் இல்லாத பாடத்துக்குத் தற்காலிகமாக வைக்கப்படும் ‘பி.டி.ஏ. டீச்சர்’களாலும் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. அதன் தலைவர் நாற்காலியில் ஊர்ப் பெரியவரோ கட்சிக்காரரோ அமர்வது பல இடங்களில் வழக்கமாகிப் போனது. அவருடைய பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

மற்றொன்று பள்ளி மேலாண்மைக் குழு. இது வழக்கத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் பள்ளியில் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அதே விகிதத்தில் அவர்களுடைய பெற்றோரும் குழுவில் இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்தப் பிரிவு தொடாது. உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே.

அரசுப் பள்ளிக் குழுவின் வேலையோ பெரியது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அதாவது, தலைமையாசிரியர் காட்டும் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டியவர்களின் தலைவரை, அதே தலைமையாசிரியர் தாளைப் பார்த்து வாசிக்கிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது.

நியாயம் தவறுவது பெரும்பாலும் கூட்ட நாளன்று அல்ல. கூட்டம் எப்போது, யாருக்குச் சொல்லியனுப்புவது என்று முடிவாகும்போதே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. வேலை நாளில் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி போகும். மில்லில் ஷிப்டு பார்க்கும் அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காது. வரக்கூடியவர்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களும் வீட்டிலேயே இருப்பவர்களும்தான். அவர்களிலிருந்து எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் பாதிப் பள்ளி வெளியே நிற்கும். 2022-இல் குழுக்களைத் திருத்தியமைப்பதற்கு முன்னோடியாக மாநிலம் முழுக்க நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு மார்ச் 20 என்று நாள் குறித்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு முடிவே பல சுற்றறிக்கைகளுக்குச் சமம்.

அடுத்தது, தகவல் எந்தத் தெருவரை போகிறது என்பது. ஊர், காலனி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் கிராமங்களில் கூட்டச் செய்தி எந்தப் பக்கம் நின்றுவிடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விகிதாசார விதி இதற்காகத்தான் இருக்கிறது. 2022-இல் 20 பேராக இருந்த குழு, 2024 ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக ஆனது. 24-இல் நான்கில் மூன்று பங்கு என்றால் பெற்றோர் 18 பேர். நூறு பிள்ளைகளில் நாற்பது பேர் பட்டியலினத்தவர் என்றால் அந்தப் பதினெட்டில் ஏழு இடம் அவர்களுடைய பெற்றோருக்கு. இந்தக் கணக்கைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டால், அப்புறம் யாரும் ‘விட்டுக்கொடுக்க’ வேண்டிய அவசியமே எழாது. எழுதாமல் கூட்டத்தில் வைத்து அனுசரிக்கச் சொன்னால், எப்போதும் அனுசரித்துப் போகிறவர்கள்தான் அன்றைக்கும் போவார்கள்.

இனி வாக்குக்கு வருவோம். கை தூக்கச் சொல்வது எளிது, வேகமானது. ஆனால் போட்டியிடும் ஒருவரிடம் கடன் வாங்கியிருப்பவர், அவருடைய வயலில் வேலை செய்கிறவர், அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவர் எல்லோரும் அதே வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாகவே ஒரு பக்கம் போகும். ரகசிய வாக்குக்கு இயந்திரமெல்லாம் வேண்டாம். போட்டியிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டப்பா. அதில் குடை, மாங்காய், மணி என்று ஒரு படம். வகுப்பறைக்குள் ஒவ்வொருவராகப் போய் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பேத்திக்காகப் போட்டுவிடுவார். எண்ணுவது எல்லார் முன்னிலையிலும் நடக்க வேண்டும். கொட்டைகளை எண்ணும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு வாக்கா, குடும்பத்துக்கு ஒரு வாக்கா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கும் ஒற்றைப் பிள்ளை வீட்டுக்கும் இதில்தான் சண்டை வரும்.

‘போட்டி வைத்தால் ஊர் இரண்டாகும்’ என்பது வழக்கமான பதில். ஏற்கெனவே இரண்டாக இருக்கும் ஊர்களில்தான் இந்தப் பயம் அதிகம் கேட்கிறது. ஒருமனதாக முடிவது குற்றமல்ல. யாராவது மறுத்திருக்க முடியுமா என்பதே கேள்வி. மறுக்க வழியிருந்தும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றால் அதுதான் ஏகமனது.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு: யாருமே முன்வராத பள்ளிகள். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார்”, “எங்க வீட்டுக்காரர கேக்கணும் டீச்சர்” என்று ஒவ்வொருவராக நழுவுவார்கள். தானாக முன்வருகிறவர் யார் என்று பார்த்தால், நேரம் உள்ளவர், மேடை பழகியவர், ஏற்கெனவே நாலு சங்கத்தில் இருப்பவர். ‘விருப்பமுள்ளவர் வரலாம்’ என்று பொதுவாகக் கேட்பது நியாயமாகத் தோன்றும். உண்மையில் அது வசதியுள்ளவர்களை மட்டுமே கூப்பிடுகிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சொல்லிக் கேட்டால் பதில் மாறும். மாதத்துக்கு ஒரு கூட்டம் என்பது ஒரு பேச்சு. சத்துணவை வாரம் ஒருநாள் வந்து ருசி பார்ப்பது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய்வருவது என்று வேலையைப் பிரித்துக் கேட்டால் நேற்று நழுவிய அம்மாவே “சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்” என்பார். அப்படி ஒரு பொறுப்பில் இரண்டு வருடம் இருந்தவர் அடுத்த முறை தலைவர் பதவிக்கு நிற்கத் தயங்கமாட்டார்.

தேர்தல் முறை என்றதும் நம் ஆட்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்துவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன கதையை எல்லா மேடையிலும் கேட்டிருப்போம். அது பிராமண ஊரின் சபை என்பதும், நிலமுள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பதும் மேடையில் சொல்லப்படுவதில்லை. அந்த விலக்கல்களை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகுதியின்மைப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் இன்றைய பள்ளிக்கு அப்படியே பொருந்தும்: கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவர் மறுபடி நிற்கக் கூடாது; முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. குலுக்கலைவிட எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது விதிதான். பள்ளிக்குக் கட்டட வேலை செய்யும் ஒப்பந்ததாரரின் மனைவி குழுத் தலைவராக வருவதைத் தடுக்க இன்றைக்கும் அதே மாதிரி ஒரு வரி போதும்.

மனைவி என்றதும் இன்னொன்று. தலைவராகத் தாய் ஒருவரே வர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நெறி. ஊராட்சியில் ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு எழுதப்படாத பதவி இருப்பது போல இங்கும் அது முளைக்கிறது. கூட்டத்துக்குக் கணவர் வருவார், பதிவேடு கையொப்பத்துக்கு வீட்டுக்குப் போகும். இதைக் கூட்ட நாளிலேயே ஓரளவு தடுக்கலாம். நிற்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும், அவருக்காக வேறொருவர் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். திக்கித் திணறி ஒருவர் சொல்லும் இரண்டு வாக்கியம், கணவர் ஆற்றும் இருபது நிமிட உரையைவிடக் கேட்பவர்களுக்கு அதிகம் சொல்லும்.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. ஆனால் பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பெற்றோரின் உறுப்பினர் பதவியும் போய்விடும். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாயைத் தலைவராக்கினால் அடுத்த ஜூனில் நாற்காலி காலி. அப்போது மறுபடி கூட்டம் போட நேரமில்லை என்று சொல்லித் தாள் ஒன்று மெதுவாக வெளியே வரும். இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. தேர்வு நாளின் வாக்கெண்ணிக்கையைக் கிழித்துப் போடாமல், யாருக்கு எத்தனை கொட்டை என்று பதிவேட்டிலேயே எழுதி வந்தவர்கள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துவிட வேண்டும். இடையில் இடம் காலியானால் அடுத்து வந்தவருக்கே அது என்று அதன் கீழேயே ஒரு தீர்மானமும் எழுதிவிட்டால், ஜூன் மாதம் பீரோவைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும்.