சிறார் பாலியல் சுரண்டலைத் தடுக்கும் திட்டங்களை மதிப்பிடுதல்: செபு நகரின் லேன்டர்ன் திட்டம்

குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்து காக்க நடத்தப்படும் ஒரு திட்டம் உண்மையில் பயன் தந்ததா என்று முறைப்படி கண்டறிவதே அத்திட்டத்தின் மதிப்பீடு ஆகும். தணிக்கை வேறு, மதிப்பீடு வேறு. பணம் உரிய வழியில் செலவானதா என்று தணிக்கை பார்க்கிறது. செலவுக்குப் பிறகு குழந்தைகளின் நிலை மாறியதா என்று மதிப்பீடு கேட்கிறது. இந்தக் கேள்விக்கு விடை காண்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் நடந்த லேன்டர்ன் திட்டத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 34ஆவது பிரிவு, எல்லா வகைப் பாலியல் சுரண்டலிலிருந்தும் குழந்தைகளைக் காக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. பிலிப்பைன்ஸ் 1992இல் சிறார் பாதுகாப்புச் சட்டத்தையும், 2003இல் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தையும் இயற்றியது. சட்டங்கள் இருந்தும் மதுக்கூடங்களிலும் கரவோக்கே விடுதிகளிலும் தெருக்களிலும் 18 வயது நிரம்பாத சிறுமியர் விற்கப்பட்டு வந்தனர்.

இந்நிலையில், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷனுக்கு, பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை 2006இல் 50 லட்சம் டாலர் நிதி வழங்கியது. பெருநகர செபுவில் 2010 வரை பணி நடந்தது. உள்ளூர்க் காவல்துறைக்குப் பயிற்சி தருவது, வழக்குகளுக்குச் சட்ட உதவி செய்வது, மீட்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கு அரசின் சமூகநலத் துறையுடன் இணைந்து உழைப்பது ஆகியவை முக்கியப் பணிகள். சிறுமியரை விற்பவர் பிடிபடுவார், தண்டனை பெறுவார் என்ற அச்சம் பரவினால் மற்றவர்களும் அத்தொழிலைக் கைவிடுவர் என்பதே திட்டத்தின் அடிப்படைக் கருத்து.

எதை அளப்பது?

இத்தகைய திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: நடத்திய பயிற்சிகள், கைதானவர்கள், மீட்கப்பட்டவர்கள். இவை செயல்பாட்டைக் காட்டும் எண்கள். ஓர் ஆசிரியர் ஆண்டில் எத்தனை வகுப்புகள் நடத்தினார் என்று பாடக்குறிப்பேடு சொல்லும். மாணவர் என்ன கற்றார் என்று அது சொல்லாது. அதுபோலத்தான் இதுவும்.

மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது உயர்ந்தால் காவல்துறை நன்றாகச் செயல்படுகிறது என்றும் கொள்ளலாம், குற்றம் பெருகிவிட்டது என்றும் கொள்ளலாம். குறைந்தால் குற்றம் ஒழிந்துவருகிறது என்றும் கொள்ளலாம், காவல்துறை தேடுவதை நிறுத்திவிட்டது என்றும் கொள்ளலாம். எதிரெதிரான இரு நிலைகளுக்கும் பொருந்தும் எண்ணை வைத்து வெற்றி தோல்வியைச் சொல்ல இயலாது.

அதனால் லேன்டர்ன் திட்டத்தில் வேறொரு அளவுகோல் முதன்மையாக வைக்கப்பட்டது. பாலியல் தொழில் நடக்கும் இடங்களுக்கு வாடிக்கையாளராக ஒருவர் சென்றால், அங்கே 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் எந்த அளவுக்குக் கிடைக்கிறார் என்பதே அது. மீட்கப்பட்டவர்களை எண்ணுவதை விட, இன்னும் சிக்கியிருப்பவர்களை எண்ண முயன்றதே இதன் சிறப்பு.

அளந்த முறை

பாலியல் தொழில் நடக்கும் இடங்களும் நேரங்களும் முதலில் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடமும் நேரமும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இது இட-நேர மாதிரி முறை எனப்படும். ஓரிடத்தில் நிலையாக இராத, பட்டியலில் பெயர் இல்லாத மக்களை ஆராய இம்முறை உதவுகிறது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலச் சென்று தாம் கண்டவற்றைப் பதிவுசெய்தனர். திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில் செய்த அடிப்படை ஆய்வுடன் 2010இல் செய்த ஆய்வு ஒப்பிடப்பட்டது. விற்பனைக்குக் கிடைக்கும் சிறாரின் அளவு 79 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 79 சதவீதச் சிறார் மீட்கப்பட்டனர் என்பது இதன் பொருளன்று. முன்பு 100 என்ற அளவில் இருந்தது பின்பு 21 என்ற அளவுக்கு இறங்கியது என்பதே பொருள். பின்னர் இதே நாட்டில் மணிலாவில் 75 சதவீதமும் பம்பாங்காவில் 86 சதவீதமும் குறைந்ததாக அந்நிறுவனம் 2016இல் அறிவித்தது.

எழும் ஐயங்கள்

1. வயதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் பிழை நேரும். இரு ஆய்வுகளிலும் பிழை ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு பெரிதும் கெடாது.

2. கைதுக்கு அஞ்சிய தரகர் புதிய முகங்களிடம் சிறாரைக் காட்டாமல், பழகியவர்களிடம் மட்டும் காட்டக்கூடும். அப்போது ஆய்வாளர் கண்ணில் படாதது எல்லாம் இல்லாமற்போனது ஆகாது.

3. அதே ஆண்டுகளில் சுற்றுலா, வேலைவாய்ப்பு, அரசின் பிற நடவடிக்கைகள் ஆகியவையும் மாறியிருக்கலாம். முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வுகளில், மாற்றத்தில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எப்போதும் நிற்கும்.

4. தாமாக இத்தொழிலில் உள்ள வயது வந்த பெண்கள் சோதனைகளால் பாதிக்கப்படுகின்றனர் என்ற விமர்சனம் பல நாடுகளில் எழுந்துள்ளது. மீட்கப்பட்ட சிறுமி ஈராண்டுக்குப் பின் பள்ளியில் இருக்கிறாளா, மீண்டும் அதே இடத்திற்குச் சென்றுவிட்டாளா என்பதையும் பார்க்க வேண்டும்.

திரைக்குப் பின் சென்ற குற்றம்

லேன்டர்ன் திட்டம் தெருவையும் விடுதியையும் அளந்தது. அதே காலத்தில் இணைய வேகமும் பணப் பரிமாற்ற வசதியும் பெருகின. வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்ப, பிலிப்பைன்ஸில் ஒரு வீட்டினுள் குழந்தைமீது நிகழும் கொடுமை நேரலையாக அனுப்பப்படும் குற்றம் பரவியது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் குழந்தையின் உறவினர்களே. செபுவை அடுத்துள்ள கோர்டோவா என்னும் ஊரும் இதற்காகச் செய்திகளில் அடிபட்டது. 2013இல் டச்சுத் தொண்டு நிறுவனமான டெர் டே சோம், ‘ஸ்வீட்டி’ என்ற பெயரில் 10 வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுமியின் கணினி உருவத்தை உருவாக்கியது. அதை நாடிவந்தவர்களில் 71 நாடுகளைச் சேர்ந்த 1,000 பேர் சுமார் 10 வாரங்களில் அடையாளம் காணப்பட்டனர்.

விடுதிகளுக்கு ஆளனுப்பும் முறை இக்குற்றத்தை அளக்க உதவாது. எனவே இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷனும் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று, மக்களிடம் அவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்டு மதிப்பிட்டன. 2022இல் ஏறத்தாழ 5 லட்சம் பிலிப்பைன்ஸ் குழந்தைகள், அதாவது நூறில் ஒரு குழந்தை, பாலியல் கொடுமைப் படங்களும் காணொளிகளும் உருவாக்குவதற்காகச் சுரண்டப்பட்டதாக 2023இல் வெளியான அம்மதிப்பீடு கூறியது. தெருவில் குறைந்த குற்றமே இணையத்திற்கு இடம் மாறியது என்று இந்த எண்கள் நிறுவவில்லை. ஆனால் ஓரிடத்தில் கிடைத்த வெற்றியைக் குழந்தைகள் அனைவரின் பாதுகாப்பாக எண்ணிவிடக் கூடாது என்பதை அவை காட்டுகின்றன. 2022இல் பிலிப்பைன்ஸ் இணையவழிச் சுரண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியதுடன், பாலுறவு இசைவுக்கான வயதையும் 12இலிருந்து 16ஆக உயர்த்தியது.

மதிப்பீட்டாளரின் அறம்

மதிப்பீடும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது புண்ணைக் கிளறுவதாகும். பெயர், ஊர், படம் எதுவும் வெளிப்படக் கூடாது. ஆய்வின்போது ஆபத்தில் உள்ள குழந்தையைக் கண்டால் யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். புள்ளிவிவரத்திற்காக ஒரு குழந்தையை அங்கேயே விட்டுவர எந்த ஆய்வுக்கும் உரிமையில்லை.

அறிக்கையைப் படிப்பவர் கேட்க வேண்டியவை

இத்தகைய திட்ட அறிக்கை ஒன்றைக் காணும் மாணவர் ஐந்து கேள்விகளை எழுப்பலாம். தொடங்கும் முன் நிலைமை அளக்கப்பட்டதா? எண்ணியது செயல்பாடுகளையா, குழந்தைகளின் நிலையில் வந்த மாற்றத்தையா? அளந்தவர் திட்டத்தை நடத்தியவரா, வெளியாரா? அளக்கப்படாத இடம் எது? மீட்கப்பட்ட குழந்தை இன்று எப்படி இருக்கிறது? முதல் மூன்றுக்கும் நல்ல விடை தரும் அறிக்கைகள் உண்டு. கடைசி இரண்டுக்கும் விடை தேடிய அறிக்கையே குழந்தையை முன்னிறுத்தி எழுதப்பட்டது.