சோளப்பாம்பு எதற்கு? வரப்பில் சாரை இருக்கிறதே!

கைபேசிக் காணொளிகளின் புண்ணியத்தில் புதிதாக ஓர் ஆசை கிளம்பியிருக்கிறது. கிளி, புறா, மீன் வளர்த்த இளைஞர்கள் இப்போது 'கார்ன் ஸ்நேக்' என்ற சோளப்பாம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். "விஷம் கிடையாது, சாதுவானது, ஜோடி சேர்த்தால் ஒரே ஈட்டில் இருபது முட்டை, குட்டிக்கு நல்ல விலை" என்று பேச்சு ஓடுகிறது. ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, வேடசந்தூர் பக்கம் மக்காச்சோளம் போடும் வீடுகளில், 'சோளப்பாம்பு' என்ற பெயரே பிள்ளைகளை இழுத்துவிடுகிறது. இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இவை.

சோளப்பாம்பு என்பது என்ன?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் இதன் சொந்த ஊர். 3 முதல் 5 அடி வரை வளரும். ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுகள் கொண்டது. மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். அடிவயிற்றுக் கட்டங்கள் பலநிற மக்காச்சோள மணிகளைப் போல இருப்பதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் அது அங்கே செய்கிற வேலை எலி பிடிப்பது.

அங்கே இதை முதன்முறையாக இனப்பெருக்கம் செய்பவர்கள், பெண் பாம்பு சுமார் 3 வயதாகி நல்ல எடைக்கு வரும்வரை பொறுக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் இரை கொடுக்காமல் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓய்வு கொடுக்கிறார்கள். குளிர் நீங்கிய பிறகே ஜோடி சேர்க்கிறார்கள். ஒரு ஈட்டுக்கு 10 முதல் 30 முட்டை வரை இடும். ஈரமான ஊடகத்தில் 28 டிகிரி அளவில் வைத்தால் சுமார் 60 நாளில் பொரியும். கோழி முட்டையைப் போல இதைத் திருப்பிவிடக் கூடாது. இட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். பொரித்த குட்டிக்குப் பிறந்த எலிக்குஞ்சுதான் தீனி. அதையும் சில குட்டிகள் வாரக்கணக்கில் தொடாது.

இதைத் திண்டுக்கல் சமவெளிக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சித்திரையில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. இந்தப் பாம்போ 32, 33 டிகிரிக்கு மேல் தவித்துவிடும். ஆக, குளிருக்கு ஒரு இயந்திரம், கோடைக்கு ஒரு இயந்திரம், தீனிக்குத் தனியாக எலி வளர்ப்பு. வயலில் எலியை ஒழிக்கச் செலவழிக்கும் விவசாயி, வீட்டில் எலி வளர்க்கவும் செலவழிக்க வேண்டும்! இந்தப் பாம்பு 15 முதல் 20 ஆண்டு உயிர் வாழும். ஆசை அத்தனை நாள் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு விலங்கை இறக்குமதி செய்ய உரிமம், சுகாதாரச் சான்று, கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த சோளப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டு, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன.

அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர், அவற்றையும் அவை ஈனும் குட்டிகளையும் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என 2024-இல் விதிகள் வந்துள்ளன. சோளப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. "அதனால் பிரச்சினை இல்லை" என்று விற்பவர் சொல்வார். பட்டியலில் இல்லை என்பதால் கடத்தி வந்த பாம்பு சட்டப்படி வந்ததாகிவிடாது. காகிதம் இல்லாத பாம்பை வாங்குகிறவர் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார்.

தப்பிய பாம்பு தந்த பாடம்

வளர்ப்பவர் கைவிட்ட பாம்பு என்ன செய்யும் என்பதற்கு, சோளப்பாம்பின் சொந்த ஊரான புளோரிடாவே சாட்சி. ஆசைக்காக வாங்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்புக் காட்டில் விடப்பட்டும் தப்பியும் பெருகி, முயல், ரக்கூன் போன்ற உயிர்களைப் பெருமளவு அழித்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து இருவர் அழைக்கப்பட்டார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர்களின் பின்னணியும் விவசாயிகள் அறிய வேண்டியது. ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். பாம்புத்தோல் ஏற்றுமதி 1970-களில் தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போனது. 1978-இல் ராமுலஸ் விட்டேகரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறது. நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கான மூலப்பொருள் தரும் அந்தச் சங்கத்தின் வேலையே பாம்பைத் திரும்ப விடுவதில்தான் முடிகிறது.

நம் சோளக்காட்டுப் பாம்பு

அமெரிக்காவில் சோளப்பாம்பு செய்யும் வேலையை இங்கே சாரைப்பாம்பு செய்கிறது. 6 அடிக்கு மேல் வளரும். விஷம் கிடையாது. பகலில் இரை தேடும். விதைத்த மக்காச்சோளத்தைத் தோண்டித் தின்பதும், பால் பிடிக்கும் பருவத்தில் கதிரைக் கடிப்பதும் எலிதான். மூன்று வாரச் சினைக்காலம், ஈற்றுக்கு ஆறேழு குட்டி என்று அது பெருகுகிறது. ஆந்தையும் பருந்தும் வளைக்கு வெளியே வந்த எலியைத்தான் பிடிக்கும். சாரை வளைக்குள் புகுந்து குட்டிகளையும் தின்றுவிடும்.

இதன் இனப்பெருக்கத்துக்கு இயந்திரம் வேண்டாம். எலி வளை, கறையான் புற்று, மட்கும் சருகு இவற்றில் 5 முதல் 15 முட்டை வரை இடும். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய ஒரு முழ நீளக் குட்டி வெளியே வரும். ஈரமும் வெப்பமும் மண்ணே பார்த்துக்கொள்கிறது.

சாரையும் நல்லபாம்பும் பிணைவதாக ஊரில் சொல்வார்கள். பிணைந்து எழுந்து நிற்பவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள். சாரை மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்பதும் தவறு. பாம்பின் வாய்க்கு உறிஞ்சும் அமைப்பே இல்லை. வாலில் விஷம் என்பதும் கட்டுக்கதை. இந்தக் கதைகளை நம்பித்தான் புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரிலேயே சாரையை அடித்துக் கொல்கிறார்கள். அதைக் கொல்வதும், பிடித்து வளர்ப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

செய்ய வேண்டியவை

• வரப்பையும் வேலியோரப் புதரையும் முழுதாகத் தீ வைத்து எரிக்காதீர்கள். வயலின் ஒரு மூலையில் சருகுக் குவியலும் புற்றும் இருக்கட்டும்.

• எலிக்கு முதலில் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை அமர 'டி' வடிவக் குச்சிகளும் வையுங்கள். மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால் வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலியைப் புதைத்துவிடுங்கள்.

• பழைய நைலான் வலைகளை வேலியில் விடாதீர்கள். பாம்பு சிக்கிச் சாகும்.

• சோளத்தட்டைப் போரை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். எலி வரும் இடத்துக்கு நாகமும் வரும்.

• வளைக்குள் கை விடாதீர்கள். இரவில் டார்ச்சும் காலணியும் கட்டாயம். அடையாளம் தெரியாத எந்தப் பாம்பையும் விஷப்பாம்பாகவே நினைத்து விலகுங்கள்.

வாசகர் கேள்வி

*சாரையைப் பிடித்து வந்து என் வயலில் விடலாமா?*

கூடாது. அது குற்றம். இடம் மாற்றிய பாம்பு புதிய இடத்தில் நிலைப்பதும் அரிது. இரையும் மறைவும் இருந்தால் தானே வரும்.

*பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால்?*

அடிக்க வேண்டாம். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.