பேரல் சொல்வதைக் கேளுங்கள்: 150 வயது ரைபிளுக்கு ஈயக் குண்டு அச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1874 செப்டம்பர் 26. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மூர் துப்பாக்கி சுடும் மைதானம். முந்தைய ஆண்டு விம்பிள்டனில் எல்கோ ஷீல்டை வென்ற அயர்லாந்து அணி ஒரு பக்கம். பேரலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இறக்கும் பழைய பாணி ரைபிள்கள் அவர்களிடம். எதிரே அமெரிக்க அணி. அவர்களிடம் பின்பக்கம் திறந்து லோடு செய்யும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்கள். தூரம் 800, 900, 1,000 கஜம்.

முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931. வெறும் 3 புள்ளி வித்தியாசம். அயர்லாந்து வீரர் ஒருவர் அடித்த அருமையான ஷாட் ஒன்று பக்கத்து இலக்கில் போய் விழுந்தது. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய 4 புள்ளி வந்திருந்தால் கோப்பை கைமாறியிருக்கும்.

அந்தக் காலத்து ரைபிள்களையும் அவற்றின் நகல்களையும் அமெரிக்காவில் இன்றும் போட்டிகளில் சுடுகிறார்கள். பலர் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வரும் முதல் குழப்பம்: எந்த அச்சை வாங்குவது?

முதலில், இது என்ன ரைபிள்?

கருமருந்து என்பது வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் சேர்ந்த பழைய வெடிமருந்து. பித்தளைக் கூட்டில் இதை நிரப்பி, முனையில் ஈயக் குண்டைச் செருகினால் அதுதான் கருமருந்து கார்ட்ரிட்ஜ்.

இதில் பிரபலமானது 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70. குண்டின் விட்டம் சுமார் 0.45 இன்ச், மருந்து 70 கிரெயின், அதாவது நாலரை கிராம். தொடக்கத்தில் குண்டின் எடை 405 கிரெயின், சுமார் 26 கிராம். இந்த வகை ரைபிள்களுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் பைசன் காட்டெருமைக் கூட்டங்களை வேட்டைக்காரர்கள் கொன்று குவித்தது இவற்றால்தான்.

கடையில் விற்கும் குண்டு போதாதா?

போதாது. இன்றைய ரைபிள் குண்டுகள் பெரும்பாலும் செம்பு உறை போட்டவை, கெட்டியானவை. கருமருந்து ரைபிளுக்குத் தேவை மென்மையான ஈயம். மருந்து வெடிக்கும்போது பின்னாலிருந்து விழும் அடியில் குண்டு லேசாகத் தடித்து, பேரலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களை அடைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான கலவை 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். சிலர் 16-க்கு 1 என்று போடுவார்கள்.

இன்னொரு சிக்கல், கரி. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. புகையாகவும் படிவாகவும்தான் வரும். நாலு ஷாட் சுட்டாலே பேரலில் அந்தப் படிவு இறுகிவிடும். அதை இளக வைக்க, குண்டின் உடம்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி அதில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகை நிரப்புவார்கள். அதனால் அச்சில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பள்ளங்களைத்தான். நவீன மருந்துக்காக வடிவமைத்த அச்சுகளில் இவை சின்னதாக இருக்கும். கருமருந்துக்கு அகலமும் ஆழமும் வேண்டும். இல்லாவிட்டால் குண்டு பேரலைத் தாண்டும் முன்பே மசகு தீர்ந்து, பத்தாவது ஷாட்டில் குறி எங்கோ போகும்.

வாங்கும் முன் அளந்தீர்களா?

புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். கேட்டலாக்கில் ‘.45-70-க்கு ஏற்றது’ என்று இருந்தால் உடனே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு ரைபிள்களின் பேரல் ஒரே அளவில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இன்றைய .45 பேரல்களில் பள்ளம்வரையிலான விட்டம் பொதுவாக 0.458 இன்ச். 19-ஆம் நூற்றாண்டுப் பேரல்களில் இது 0.460-ஐத் தாண்டுவதும் உண்டு.

வழி எளிது. ரைபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டைப் பேரல் வழியாகத் தள்ளி எடுக்க வேண்டும். அதில் பதிந்திருக்கும் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். குண்டு அதே அளவில், அல்லது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் சரி. சிறுத்துப்போனால் சூடான வாயு ஓரத்தில் பீறிட்டு, ஈயத்தை உருக்கிப் பேரலில் பூசிவிடும்.

ஒரே அச்சில் வேறு கலவையை ஊற்றினால் குண்டின் அளவும் சற்று மாறும். அதனால் அச்சு செய்பவரிடம் விட்டத்தோடு உங்கள் கலவையையும் சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் ட்விஸ்ட்

பேரலின் உள்ளே இருக்கும் சுருள்தான் குண்டைப் பம்பரம்போலச் சுழற்றுகிறது. அது ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை இன்ச் ஆகிறது என்பதே ‘ட்விஸ்ட்’. குண்டு நீளமாக ஆக, சுழற்சி வேகமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் வூலிச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் கிரீன்ஹில் 1879-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். எளிய வடிவம் இது: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, ட்விஸ்ட்டால் வகுத்தால் குண்டின் உச்ச நீளம் கிடைக்கும்.

விட்டம் 0.458, ட்விஸ்ட் 18 இன்ச் என்றால் விடை சுமார் 1.75 இன்ச். ஆனால் கருமருந்துக் குண்டு மெதுவானது. பறக்கும் வழியிலேயே அதன் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க, 150-க்குப் பதில் 125 போட்டுக் கணக்கிடுவது நல்லது. அப்போது விடை சுமார் 1.45 இன்ச். 22 இன்ச் ட்விஸ்ட் கொண்ட பழைய ராணுவ ரைபிளுக்கு அதே கணக்கு 1.2 இன்ச்சுக்குக் கீழே போகும். நண்பரின் ரைபிளில் அசத்தும் நீளக் குண்டு உங்களுடையதில் குட்டிக்கரணம் அடிக்கலாம்.

எதைச் சுடப் போகிறீர்கள்?

அமெரிக்காவின் சில்லவுட் போட்டியில் இரும்புத் தகட்டு உருவங்கள்தான் இலக்கு. 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் ஆட்டுக்கடா. பட்டால் மட்டும் போதாது, உருவம் சாய வேண்டும். அதனால்தான் 500 கிரெயினுக்கு மேற்பட்ட கனமான, கூர்மூக்குக் குண்டுகளுக்கு அங்கே மவுசு. 100 கஜத்தில் பொழுதுபோக்காகச் சுட 405 கிரெயின் தட்டைமூக்கே தாராளம், தோள்பட்டையும் தப்பிக்கும்.

அலுமினியமா, இரும்பா, பித்தளையா?

அலுமினிய அச்சு இலேசானது, சீக்கிரம் சூடேறும், விலை குறைவு. ஆனால் முரட்டுத்தனம் தாங்காது. இரும்பு நீடித்து உழைக்கும். துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பித்தளை சூட்டைச் சீராகத் தக்கவைக்கும். கனமும் விலையும் அதிகம். எதுவானாலும் அச்சு முறுக்கு சுடுவதுபோலத்தான்: அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால்தான் வார்ப்பு ஒழுங்காக வரும். ஆறிய அச்சில் ஊற்றினால் குண்டில் சுருக்கம் விழும்.

மறக்கக் கூடாத ஆபத்து

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் நீராவி வெடித்து, ஈயம் முகத்தில் தெறிக்கும். அதைவிட அமைதியான ஆபத்து, மேலே படியும் கசடும் தூசியும். ஈயத்தில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். சமையலறையில் வார்ப்பது கூடவே கூடாது. காற்றோட்டமான தனி இடம், தனிப் பாத்திரம், முகக் காப்பு, கையுறை அவசியம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் நமக்கு இன்னொன்று: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். யூடியூப் பார்த்து முயற்சி செய்யும் விஷயம் இல்லை இது.

சரி, சுருக்கமாக?

பேரலை அளங்கள். ட்விஸ்ட்டைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். தூரத்தைப் பார்த்து எடையையும் மூக்கையும் தேர்ந்தெடுங்கள். கேட்டலாக்கைத் திறப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள், தவறான அச்சை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ரைபிளையும் தங்கள் கண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.