வெளியேறுதல் யாருக்குச் சாத்தியம்?
முகநூலும் மனைக்கட்டும் பற்றிச் சில குறிப்புகள்

1

முகநூலை விட்டுவிடுவதா, தொடர்வதா என்கிற கேள்வி பெரும்பாலும் ஒரு கெட்ட பழக்கம் பற்றிய கேள்வியாகவே நம்மிடம் வந்து சேர்கிறது. பீடியை விடுவது, புகையிலையை விடுவது மாதிரி. நேரம் வீணாகிறது, தூக்கம் கெடுகிறது, சேர்ந்தாற்போல நாலு பக்கம் வாசிக்க முடியவில்லை. இவையெல்லாம் உண்மைதான், எனக்கும் நேர்ந்தவைதான். ஆனால் பிரச்சினையை இப்படிச் சொல்லத் தொடங்கும்போதே தீர்வு தனிமனித மனவுறுதி என்பதாகச் சுருங்கிவிடுகிறது. விட முடிந்தவர் வைராக்கியசாலி, முடியாதவர் பலவீனர். கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே ஒரு கருத்தியல் உட்கார்ந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை.

நானும் இரண்டு வருஷமாக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய கூட்டம். பதினைந்து பேர்கூட இருக்கமாட்டோம். முகநூலிலிருந்து வெளியேறப் போவதாக அங்கே அறிவித்தேன். 'பழையபடி டீக்கடை பெஞ்சு, ஆத்தங்கரை, நூலகத் திண்ணைன்னு மனுஷன் மூஞ்சியப் பாத்துப் பேசுவோம்' என்றேன். விவசாயத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்து எழுதிக்கொண்டிருக்கும் இளைய தோழர் ஒருவர் குறுக்கிட்டார்: 'நீங்க தாராளமா விடலாம் தோழர். நீங்க திரும்பிப் போறதுக்கு ஒரு பெஞ்சு இருக்கு. அந்த பெஞ்சுல எங்கப்பா உக்காந்ததே கெடயாது. நான் எழுதுனத எங்க தெருவத் தாண்டி ஒருத்தன் படிச்சான்னா, அது முகநூல்லதான்.'

அப்போது என்னிடம் பதில் இல்லை. அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததன் விளைவே இந்தக் குறிப்புகள்.

2

நாம் 'மனிதர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட காலம்' என்று ஏக்கத்தோடு சொல்கிற காலம், காவிரிப் படுகையைப் பொறுத்தவரை, யார் யார் முன்னால் நிற்கலாம், யார் எந்தக் குவளையில் குடிக்கலாம் என்று வகுத்து வைத்திருந்த காலமும்தான். திண்ணையும் குளத்தங்கரையும் எல்லோருக்கும் பொதுவான உரையாடல் களங்களாக ஒருபோதும் இருந்ததில்லை. எனவே 'திரும்பிப் போவோம்' என்பது திரும்பிப் போக இடம் உள்ளவர்களின் சொல்லாடல். அந்தத் தோழர் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

இதை விளங்கிக்கொள்ள ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் முன்வைத்த ஒரு சட்டகம் உதவுகிறது. ஒரு நிறுவனம் சீரழியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: வெளியேறுதல், அல்லது உள்ளேயே இருந்து குரல் எழுப்புதல். விசுவாசம் என்பது வெளியேறுதலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு அவகாசம் தருகிற மூன்றாவது காரணி. இவற்றுக்கிடையே உள்ள உறவு சிக்கலானது. வெளியேறும் வழியே இல்லாதவனின் குரலை எவனும் மதிப்பதில்லை. அதே சமயம் வெளியேறுவது சிலருக்கு மட்டும் சுலபமாக இருந்தால், குரல் எழுப்பக்கூடியவர்களே முதலில் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்கள் குரலற்றுப் போகிறார்கள். நம் அரசுப் பள்ளிகளை நினைத்துக்கொண்டால் போதும். வாத்தியாரைக் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிய பிறகு, பள்ளியில் மிஞ்சியவர்கள் யார், அவர்களுக்காகப் பேசியவர்கள் யார்?

எழுத்தாளர்கள் முகநூலை விட்டு விலகுவதிலும் இந்த இரண்டாவது ஆபத்து இருக்கிறது. முதலாவது ஆபத்தை, அதாவது வெளியேற வழியற்றவனின் குரல் என்ன ஆகும் என்பதை, கீழத்தஞ்சை வரலாறு புத்தகங்களைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பண்ணையாளின் குடிசை நின்ற மனைக்கட்டு மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். வேலையையும் வீட்டையும் ஒரே கை பிடித்திருந்ததால் வாயையும் அதே கை பிடித்திருந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தபோது, எழுந்தவர்கள் தங்கள் கூரையையும் பணயம் வைத்தே எழுந்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதற்குப் பின்னாலும் கூலியும் சங்கக் கொடியும்தான் இருந்தன. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குடியிருப்பு விஷயத்தில் சட்டம் இரண்டு படிகளில் வந்தது: 1961இல், குடியிருப்பவரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாப்பு, 1971இல், குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம். இந்த இரண்டு படிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

3

கிரேக்கத்தின் முன்னாள் நிதியமைச்சர் யானிஸ் வருஃபாகிஸ் 2023இல் எழுதிய நூலில், இன்றைய இணைய நிறுவனங்கள் முதலாளித்துவத்தைத் தாண்டி ஒரு புதிய நிலப்பிரபுத்துவத்தைக் கட்டியிருப்பதாகவும், கூலியில்லாமல் எழுதியும் படம் போட்டும் அவற்றின் மூலதனத்தைப் பெருக்கும் நாம் அதன் பண்ணையடிமைகள் என்றும் வாதிடுகிறார். கவர்ச்சியான உருவகம்தான். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வாசிக்கிறவன் இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் வாசிக்க வேண்டும். முகநூலில் எழுதுகிற என் முதுகில் யாரும் சவுக்கால் அடிக்கவில்லை. உருவகம் என்ற பெயரில் ஒருவருடைய வலியை இன்னொருவர் கடன் வாங்குவது சுலபமான காரியம். எனவே பண்ணையடிமை என்பதை விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அடுத்தவன் மனையில் வீடு கட்டியிருத்தல்.

இந்த அம்சத்தில் ஒப்புமை பொருந்துகிறது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அதில் எழுதியவர்கள் பிரதி எடுத்து வைத்திருந்தால் தப்பித்தார்கள். இல்லாதவர்களுக்கு எழுத்தும் போயிற்று, வாசகரும் போயினர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் போயிற்று. சுமார் 20 கோடி பேர் பயன்படுத்திவந்ததாகச் சொல்லப்பட்ட இடம் அது. மெத்தப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் நாற்றுப் பறித்துக்கொண்டே பாடியவர்களும், ஆடு மேய்த்துக்கொண்டே நடித்தவர்களும் தங்களுக்கென்று முதன்முதலாகச் சேர்த்த பார்வையாளர்களை அவர்கள் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். 2021 பிப்ரவரி 1 அன்று, டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது, 'கிசான் ஏக்தா மோர்ச்சா' உள்ளிட்ட சுமார் 250 கணக்குகளை அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ட்விட்டர் நிறுவனம் முடக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு திறந்தது. அப்புறம் அரசு மறுபடியும் அழுத்தம் கொடுத்தது. மனைக்குச் சொந்தக்காரனும் தாசில்தாரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்கிற விஷயமாக அது இருந்தது.

வெளியேற்றம்தான் என்றில்லை. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு சிறு இயக்கங்களின் பக்கங்கள் கடைமடை வயல்களாயின. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேராது. வராததற்குக் காரணமும் தெரியாது. ஆனால் ஆற்றுப் பாசனத்தில் லஸ்கர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், சாலை மறியலுக்குச் சாலை இருக்கிறது. இங்கே மடையைத் திறந்து மூடுகிறவன் கண்ணுக்கே படுவதில்லை.

4

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து எண்ணெய் வயலில் பரவியது. மக்கள் திரண்டனர், தடியடி நடந்தது, மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதாயினர். நான் அதன் முதல் படங்களைப் பார்த்தது கைபேசியில்தான். மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியது 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரியும் வரைக்கும். அந்த நடைகள் இல்லாமல் கதிராமங்கலம் இல்லை. ஆனால் கதிராமங்கலத்தை வெளியூர்களுக்குக் கொண்டுபோனதில் முகநூலுக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது.

2018 நவம்பர் 16 கஜா புயல் இதையே வேறுவிதமாகக் கற்பித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, கோபுரங்கள் செத்துக் கிடந்த நாட்களில் எங்களுக்கு முகநூலும் இல்லை, வாட்சப்பும் இல்லை. யார் வீட்டில் அரிசி இல்லை என்பது மோட்டார் சைக்கிளில் போனவர்கள் வாய்வழியாகத்தான் தெரிந்தது. ஆனால் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேன்களில் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் ஏற்றிவந்த இளைஞர்களிடம் எப்படிப்பா வந்தீங்க என்று கேட்டால், முகநூலில் பார்த்ததாகச் சொன்னார்கள். உள்ளே வேலை செய்தது கால்நடை உறவு. வெளியே வேலை செய்தது முகநூல்.

எதிர்த்தரப்பும் அங்கேதான் இருக்கிறது. சாதிப் பெருமை பேசும் 'ஸ்டேட்டஸ்' ஒன்றுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். எழுத்தாளரைத் துரத்தும் கும்பலும் அதே வாகனத்தில்தான் வருகிறது. 2015 ஜனவரியில், நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'சமாதான' பேச்சுக்குப் பிறகு, தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவித்தது முகநூலில்தான். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் அறிவித்ததை வெளியேறுதல் என்று சொல்லக்கூடாது, அது வெளியேற்றம். ஒருவர் தானாக விடுவதற்கும் விட வைக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, 'மனநிம்மதிக்காக முகநூலை விட்டேன்' என்கிற பேச்சு மழுப்பிவிடுகிறது. வசவு தாங்காமல் விலகுகிற பெண்கள் எத்தனை பேர் அந்த 'மனநிம்மதி'க் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறார்கள்?

5

ஆகவே 'விடுவதா இருப்பதா' என்பதல்ல, விட முடிகிற நிலைமையை எல்லோருக்கும் எப்படி உண்டாக்குவது என்பதே கேள்வி. இங்கே குடியிருப்புச் சட்டத்தின் இரண்டு படிகள் உதவுகின்றன.

முதல் படி, காரணம் கேட்காமல் வெளியேற்றக்கூடாது என்பது. 2022 அக்டோபரில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, கணக்கு முடக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றை நியமிப்பது மத்திய அரசு. முடக்கச் சொல்வது பல சமயம் யாரோ, அவரிடமே முறையீடு.

இரண்டாவது படி, மனை நமக்குச் சொந்தமாவது. இணையத்தில் இதன் பொருள், நம் எழுத்தையும் தொடர்புகளையும் எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போக முடிவது. போன இடத்திலிருந்தும் பழைய இடத்தில் இருப்பவர்களோடு பேச முடிவது. இது ஆகாத காரியமில்லை. 2011 ஜனவரி முதல் இந்தியா முழுக்க நாம் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டத்தின்படி வாட்சப் மற்றச் செய்திச் செயலிகளுக்கு வழிவிட்டாக வேண்டும். நம் நாட்டில் 2019இல் முன்வைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒருவர் தன் தரவைப் பெயர்த்து எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. நமக்குத் தெரியாமலே பட்டாவில் ஒரு சர்வே நம்பர் விட்டுப்போயிருக்கிறது. இதுபற்றி நம் இயக்கங்கள் எதுவும் உரக்கப் பேசி நான் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் வீணாகிறது என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? நான் கணக்கை மூடவில்லை. மூடினால் நான் மட்டும்தான் போவேன். அதற்குப் பதில் எங்கள் குழு சில விஷயங்களை முடிவு செய்திருக்கிறது. எதையும் முதலில் அங்கே எழுதுவதில்லை. துண்டறிக்கையிலோ இதழிலோ வந்த பிறகு அங்கே போடுகிறோம். இதுவரை எழுதியவற்றை எல்லாம் தரவிறக்கி வைத்துக்கொண்டோம். அதற்கு முகநூலிலேயே வசதி இருக்கிறது. போராட்டத்தில் நிற்பவர்களின் முகம் தெரியும் படங்களைப் போடுவதில்லை. அவற்றை முதலில் பார்ப்பது போலீஸ். நாளைக்கே எல்லாம் மூடப்பட்டாலும் யாரை எப்படிப் பிடிப்பது என்பதற்கு ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதத் தொடங்கினோம். யாரும் ஒருவர் மட்டும் விலகுவதில்லை. விலகுவதானால் கூடிப் பேசி, போக வேண்டிய இடத்தை உண்டாக்கிவிட்டு விலகுவது.

அந்த நோட்டை இளைய தோழரிடம் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன். 140 பெயர்கள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, 'எங்க தெருவுலேர்ந்து எத்தன பேரு தோழர்?' என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். 11. அவருடைய முகநூல் பக்கத்தில் அதே தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அறுபது எழுபது பேர் இருக்கிறார்கள்.

நிறுவனத்துக்கு வெளியே நாங்கள் கட்டத் தொடங்கிய முதல் மனையும் பழைய ஊரின் வரைபடத்தையே பின்பற்றியிருந்தது. எங்களை அப்படி எழுதச் சொன்னது எந்த நிறுவனமும் இல்லை. இப்போது நோட்டு அவரிடம் இருக்கிறது. அது நிரம்பும்வரை முகநூலை விடுவது பற்றி நான் பேசுவதாக இல்லை. மற்ற ஊர்த் தோழர்கள் தங்கள் நோட்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதினால் இந்த விவாதத்தைத் தொடரலாம்.