மழைநாட்டுக்கு ஏற்ற பாதணி

ஞாயிற்றுக்கிழமை என்றால் வாப்பாவுக்குத் தூண்டில்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓயா ஓடுகிறது. மழை விட்டு, நீர் கலங்கலாக ஓடும் மாலைகளில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பார். இறப்பர்ச் செருப்போடு இறங்கி, முழங்கால் அளவு நீரில் இரண்டு மணித்தியாலம் நிற்பார். சென்ற வருடம் குதிகாலில் ஒரு சிறு வெடிப்போடு அப்படி நின்றார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் தொட முடியாத வலி. இரண்டு கண்களும் சிவந்துவிட்டன. எலிக்காய்ச்சல் என்றார்கள். காலம் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால், அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வீடு திரும்பினார். அதன்பின் அவருக்கு ஒரு சோடி கம்பூட்ஸ் வாங்கும் பொறுப்பு உம்மாவுக்கும் எனக்கும் வந்தது. கடையில் நின்றபோதுதான் இது எவ்வளவு யோசிக்க வேண்டிய காரியம் என்று விளங்கியது.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கேகாலை மாவட்டத்தின் மலைத்தோட்டங்களும் இதற்கு அதிகம் பின்தங்கியவை அல்ல. கொழுந்து பறிப்பவர், பால்வெட்டுபவர், வயலில் நிற்பவர், மாணிக்கக்குழியில் இறங்குபவர், வாப்பாவைப்போல் மீன்பிடிப்பவர் என எல்லோருக்கும் ஆண்டின் பெரும்பகுதி ஈரக் கால்தான். எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் பக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் நோயாளர்களாகப் பதிவாயினர். 200 பேரளவில் இறந்தனர். இந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களைச் சொல்லும்போது இரத்தினபுரியும் கேகாலையும் தவறாமல் வரும்.

கிருமி உள்ளே போகப் பெரிய காயம் தேவையில்லை. நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி மென்மையாகிவிடும்; அதுவே அதற்கு வழிவிடப் போதும். ஊறுதலின் கேட்டை உலகம் நன்கு கண்டது முதலாம் உலகப் போரில். நீர் நிறைந்த பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற படைவீரர்களின் பாதங்கள், உறைபனி இல்லாத குளிரிலேயே மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியும் போயின. நமது ஊர் அவ்வளவு குளிரில்லை என்று நினைக்கலாம். ஆனால் வியட்நாமின் வெப்பமான வயல்களில் நின்ற படைவீரர்களுக்கும் பாதம் ஊறிப் புண்பட்டது. அங்கே காரணம் குளிரல்ல, ஈரம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். அசையாத காற்றைவிட நீர் உடற்சூட்டை இருபது மடங்குக்கும் அதிக வேகத்தில் இழுத்துச் செல்லும். மார்கழி விடியலில் சமனலவெவ நீர்த்தேக்கக் கரையில், பெலிஹுல்ஓயாப் பக்கத்துக் காற்றில், நனைந்த காலோடு வலை இழுப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக்காரர் எங்கள் முன் இரண்டு வகை வைத்தார். ஒன்று பிவிசி பிளாஸ்ரிக்கில் வார்த்தது, விலை குறைவு. மற்றது இறப்பர். கணுக்கால் பகுதியில் மடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இறப்பர் மெதுவாக வளைந்து உடனே பழைய நிலைக்குத் திரும்பும்; பிவிசி விறைப்பாக நிற்கும், குளிரில் இன்னும் விறைக்கும். ஈரக்கல்லில் இறப்பருக்குப் பிடிப்பும் அதிகம். தட்டையான இடத்தில் நின்று வேலை செய்பவருக்குப் பிவிசி போதும். சரிவில் ஏறி இறங்குபவர் இறப்பருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது என்பது என் எண்ணம்.

அந்த இறப்பர் நமக்கு அந்நியமானதல்ல. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளின் நாற்றுகளே அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இன்று கேகாலைச் சரிவுகளில் நிற்கும் மரங்கள் அந்த வழி வந்தவை. பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இரண்டு குறையும் நீங்கும் என்று சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த பிறகுதான் நம்பகமான மழைப்பாதணி உருவானது. விடியலில் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகும் பெண்களில் பலர் வெறும் செருப்போடு போவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும்.

அடுத்து உயரம். கணுக்காலுக்குச் சற்று மேலே வருவது மலிவு. ஆனால் எங்கள் பகுதிக்குக் கெண்டைக்காலின் பாதியைத் தாண்டியதே நல்லது. அட்டை ஒரு காரணம் (கம்பூட்ஸ் இருந்தாலும் அது மேல்விளிம்பால் ஏறும், நெருக்கமாக நெய்த நீண்ட காலுறை வேண்டும்). இன்னொன்று பாம்பு. சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் சருகுக்குள் கிடக்கும். அது பெரும்பாலும் கால் விரலையும் பாதத்தையும் தீண்டும். நம் வைத்தியசாலைகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்வதில்லை. அப்படியான இடத்தில் காலை மூடுவது ஆடம்பரமல்ல.

உயரம் அதிகமானால் ஆழத்தில் இறங்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. விளிம்புக்கு மேல் நீர் புகுந்தால் கம்பூட்ஸ் குடமாகிவிடும். நீருக்குள் நடப்பதும் கரையேறுவதும் கடினம். கடல் மீனவர்கள், தவறி விழுந்தால் உதறிக் கழற்றும்படி, சற்றுத் தளர்வான பாதணியை விரும்புவதுண்டு. வாப்பாவுக்கு உம்மா விதித்த சட்டம் எளிது: கரையிலிருந்து தூண்டில் போடலாம், கெண்டைக்கால் நனையும் ஆழத்துக்கு அப்பால் போகக்கூடாது, ஓயா பெருகிவரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும்.

அளவு பார்க்க மாலையில் போவது நல்லது. பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். உள்ளே போடப்போகும் காலுறையோடு அணிந்து பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கட்டும். நடக்கும்போது குதிகால் மேலே வழுக்கக்கூடாது. இங்கேதான் பெண்களுக்குச் சங்கடம். நாங்கள் ஏறிய கடைகளில் இருந்தவை அநேகமாக ஆண்களுக்கான அளவுகள். உம்மா மிகச் சிறியதை அணிந்தும் கால் உள்ளே ஆடியது. அப்படியொன்றைப் போட்டுக்கொண்டு சரிவில் கொழுந்துக் கூடையோடு இறங்கினால் குதிகால் கொப்பளிக்கும், கொப்பளம் உடையும், கிருமிக்கு மறுபடியும் வாசல் திறக்கும். தோட்டத்துப் பெண்கள் கம்பூட்ஸை விரும்புவதில்லை என்று சொல்வோர், அவர்களின் காலுக்கு ஏற்றதைக் கொடுத்துப் பார்த்தார்களா என்று நான் கேட்பேன்.

அடிப்பகுதியில் வெட்டுகள் ஆழமாகவும், சேறு தானாக உதிரும்படி இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். வெளிநாடுகளில் பாசிக்கல்லில் நின்று மீன்பிடிப்போர் கம்பளி போன்ற அடியுடைய பாதணி அணிவதுண்டு. ஆனால் அந்த அடியில் ஒட்டிய நீர்ப்பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பரவியதால், நியூசிலாந்து 2008இல் அதைத் தடை செய்தது.

வெளிநீரை விடாத பாதணி உள்வியர்வையையும் விடாது. இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். பருத்திக் காலுறை நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும். கம்பளி கலந்தது ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். எதுவானாலும் மாற்றுச் சோடி ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீரும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்த பெற்றோர் வீட்டில் இருந்தால், கழற்றியதும் அவர்களது பாதத்தைப் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும். உள்ளே கல் குத்தியது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

கழற்றி, கழுவி, விரலிடுக்கைத் துடைக்கும் பழக்கம் வுழூ செய்வோருக்குப் புதிதல்ல. காலுறைமீது மஸ்ஹு செய்யும் சட்டத்தில், ஷாபி மத்ஹபின் நூல்கள் அந்தப் பாதணிக்கு விதிக்கும் நிபந்தனைகளை வாசித்தபோது வியந்தேன். கணுக்கால் உட்பட மறைக்க வேண்டும், அணிந்து நடமாடத்தக்க உறுதி வேண்டும், நீர் ஊடுருவக்கூடாது, முழுமையான வுழூவுக்குப் பின் அணிந்திருக்க வேண்டும். ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள் என்று தவணையும் உண்டு. ஏனைய விபரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். ஆனாலும் சேற்றில் நின்று வந்தவர் கழற்றிக் கழுவுவதே காலுக்குச் சுகம்.

கம்பூட்ஸ் உதவாத இடமும் உண்டு. மாணிக்கக்குழியில் இடுப்பளவு நீரில் நின்று கல் அரிப்பவருக்கு அதனால் பயனில்லை. அவர்கள் காயத்தை நீர்புகாதவாறு கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பருவத்துக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை தமக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும். தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. நீரில் நின்றவருக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே நின்றார் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வாப்பா சொன்னார், அதனால்தான் உடனே கண்டுபிடித்தார்கள்.

அவருடைய கம்பூட்ஸ் இப்போது பின்வாசலில், இரண்டு கம்புகளில் தலைகீழாகத் தொங்குகிறது. ஈரமான நாளில் உள்ளே பழைய பத்திரிகையைத் திணிப்போம். அடுப்படியில் வைப்பதில்லை, சூட்டில் இறப்பர் காய்ந்து வெடிக்கும். அணியுமுன் கவிழ்த்துத் தட்டுவது தம்பியின் வேலை. போன வாரம் உள்ளேயிருந்து ஒரு தவளை விழுந்தது.